ரசீதில் 'பிரேக் எண்ணெய் மாற்றம்' என்று இருக்கிறது, பிளீடர் திருகோ துருவேறிக் கிடக்கிறது

செந்தூல் மைவி
சனி, இரவு 10:42

வணக்கம். என் வண்டி 2012 மைவி கார். தானியங்கி கியர், ஏபிஎஸ் கிடையாது, 138,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

சென்ற ஞாயிறு அப்பா, அம்மா, தங்கையுடன் கெந்திங் மலைக்குப் போயிருந்தேன். மாலையில் இறங்கும்போது தூறலும் பனிமூட்டமும். கியரை 'டி'யிலேயே வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி வந்தேன். மலைப்பாதையில் உள்ள கோதோங் ஜெயாவை நெருங்கும்போது மிதி பஞ்சு மூட்டையைப் போல் அமுங்கிக் கீழே போனது. வண்டி வேகம் குறையவில்லை. விட்டு விட்டு மூன்று முறை மிதித்த பிறகு கொஞ்சம் பிடித்தது. கியரை இறக்கி, கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, ஓரமாக நிறுத்தினேன். பின்னிருக்கையில் அம்மா மடியில் இருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் மிதி பழையபடி கெட்டியாக இருக்கிறது. வீடுவரை எந்தச் சிக்கலும் இல்லை. இந்த ஒரு வாரமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு பட்டறையில் பெரிய சர்வீஸ் செய்தேன். ரசீதில் 'பிரேக் எண்ணெய் மாற்றம்' என்று தனி வரியே இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். இன்று பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினேன். பழைய எண்ணெயையும் காற்றையும் வெளியே விடும் பிளீடர் திருகின் மேல் ரப்பர் மூடி இல்லை. தலை முழுவதும் துரு. ஸ்பேனரைப் போட்டால் வழுக்குகிறது. எட்டு மாதத்துக்கு முன் இதை ஒருவர் திறந்து மூடியிருந்தால் இப்படி இருக்குமா? நாளை எப்படியாவது திறந்துவிட நினைக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பழைய பொமேன்
சனி, இரவு 11:20

தம்பி, முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்கள். இன்று இரவு திறக்க வேண்டாம். திருகுத் தலையின் முனை உருண்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஸ்பேனரும் நிற்காது.

ஜாலான் ஈப்போவில் 31 ஆண்டு பட்டறை வைத்திருந்தேன், இப்போது ஓய்வு. நீங்கள் சொன்னதில் மிக முக்கியமான செய்தி, ஆறியதும் மிதி சரியாகிவிட்டது என்பது. மலை இறக்கத்தில் பிரேக் போவது இரண்டு விதம். மிதி கல்லைப்போல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக் கட்டை சூடேறிப் பிடிமானத்தை இழந்திருக்கிறது. மிதியே கீழே போனால் உள்ளே எண்ணெய் கொதித்து ஆவியாகியிருக்கிறது. எண்ணெயை எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவி சுருங்கும். உங்கள் காலின் பலம் முழுவதும் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. ஆறியதும் ஆவி மறுபடி எண்ணெயோடு கலந்து அடங்கிவிடும், மிதி கெட்டியாகும், ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். இந்த நோயில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். வண்டி தானாகவே குணமானதுபோல் காட்டும், உரிமையாளரும் மறந்துவிடுவார். அடுத்த இறக்கம்வரை.

உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை. எண்ணெயில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

இப்போது ரசீது. நாளை பகல் வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்து மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக இருக்கிறதா? பிறகு முன் சக்கரத்து பிளீடர் ஒன்றைத் திறந்து பாருங்கள். முன்னால் இருப்பது பெரும்பாலும் இவ்வளவு துருப்பிடித்திருக்காது. அதில் வருகிற எண்ணெயின் நிறத்தையும் டப்பாவின் நிறத்தையும் ஒப்பிட்டு இங்கே எழுதுங்கள். பின் சக்கரத்தைத் தொட வேண்டாம். துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை அடிப்பகுதியில் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மறுபடி விடுங்கள்.

அதுவரை வண்டியை ஓட்டாமல் இருந்தால் நல்லது.

குடுவை
ஞாயிறு, காலை 7:55

நான் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஐயா சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன்.

பிரேக் எண்ணெய் வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் ஈதர் அடிப்படையிலான திரவங்கள். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் இயல்பு அவற்றின் மூலக்கூறிலேயே இருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காற்று காய்ந்திருக்கும் மாதம் என்று ஒன்று நமக்குக் கிடையாது.

தர அளவின்படி புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும். டாட் 4க்கு இந்த எண்கள் 230, 155. டாட் 5.1க்கு 260, 180. டாட் 3இல் நூறில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் 65 டிகிரியைத் தின்றுவிடுகிறது. மலை இறக்கத்தில், முன் சக்கரத்தில் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர் 140ஐத் தொடுவது பெரிய செய்தி அல்ல.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீருக்கு நிறம் இல்லை. பொன்னிறமாகத் தெளிந்திருக்கும் எண்ணெயிலும் ஈரம் இருக்கலாம். கறுத்த எண்ணெய் பழையது என்று சொல்லலாம், தெளிந்த எண்ணெய் நல்லது என்று சொல்ல முடியாது. கடைகளில் விற்கும் பேனா வடிவக் கருவி மின்கடத்தும் தன்மையை அளந்து ஈரத்தைக் கணிக்கிறது. திரவத்துக்குத் திரவம் அது மாறும். திரவத்தைச் சூடாக்கிக் கொதிநிலையையே அளக்கும் கருவிதான் நம்பகமானது. ஆனால் அதன் விலைக்கு நீங்கள் பல முறை எண்ணெய் மாற்றிவிடலாம். பல நிறுவனங்களின் கையேட்டில் இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்று இருக்கும். இங்குள்ள புழுக்கத்துக்கு ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதே சரி. ஓடாமல் நிற்கும் வண்டியின் எண்ணெயும் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கிள்ளான் லாரி
ஞாயிறு, காலை 9:10

தம்பி, எண்ணெய் பழையது என்பது ஒரு பாதி. 'டி'யில் வைத்து இறங்கினீர்கள் என்பது மறுபாதி. கடிந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தச் சாலையில் 'குறைந்த கியர் பயன்படுத்துக' என்று மலாயில் பலகை வைத்திருப்பது எதற்காக என்று சொல்கிறேன்.

என்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்தால் பிரேக்குக்குப் பாதி வேலைதான். தானியங்கி கியரிலும் 3, 2 என்று இருக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இறக்குங்கள், பாதி வழியில் அல்ல. பிரேக்கை மெல்ல நீண்ட நேரம் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடியதும் நன்றாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுவதும் எடுங்கள். காற்று பட்டுச் சக்கரம் ஆறட்டும்.

என் லாரியில் காற்றழுத்த பிரேக். எண்ணெய் கொதிக்கும் பேச்சே இல்லை. ஆனால் சூடு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங்கிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து அந்த இறக்கத்தில் வண்டியை எடுக்கும்முன் நின்று மிதியை ஒருமுறை அழுத்திப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

செந்தூல் மைவி
ஞாயிறு, பிற்பகல் 1:33

ஐயா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். டப்பாவில் எண்ணெய் பால் கலக்காத இளந்தேநீர்போல் தெளிவாக இருக்கிறது. முன் வலது பிளீடரில் மூடி இருந்தது, கொஞ்சம் முயன்றதும் திறந்துகொண்டது. குழாய் வழியாக வந்ததைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தேன். கோப்பி ஓ, பால் ஊற்றாத காபி. அதே கறுப்பு, அடியில் தூள் தூளாக ஏதோ படிகிறது.

டப்பாவில் இருந்ததையும் இன்னொரு குப்பியில் கொஞ்சம் எடுத்து, இரண்டு குப்பியையும் அருகருகே சன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றிவிட்டு மாற்றியதாக எழுதியிருக்கிறார்கள். நான் நம்பி மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன்.

கெப்போங் சாகா
ஞாயிறு, பிற்பகல் 2:15

கோபப்படாதீர்கள், பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். பின் பிளீடர் திறக்கவில்லை என்றால் என்ஜின் எண்ணெய் கொஞ்சம் விட்டு ஊறவைத்துத் திருகுங்கள், உள்ளே இரண்டு சொட்டு போனாலும் ஒன்றும் ஆகாது. புதிதாக ஊற்றும்போது டாட் 5 வாங்குங்கள். எண் பெரிது, தரமும் பெரிது.

குடுவை
ஞாயிறு, பிற்பகல் 2:31

இரண்டையும் செய்ய வேண்டாம். இதை யாரும் படித்துவிட்டுச் செய்துவிடக்கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன்.

பிரேக் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கிளைக்காலைத் தாங்கும் வகை. கனிம எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். என்ஜின் எண்ணெய், ஸ்டீயரிங் எண்ணெய், சாதாரண கிரீஸ் எல்லாம் இதில் அடக்கம். டப்பாவுக்குள் போய்விட்டால் மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரம்வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டிவரும். துரு இளக்கும் எண்ணெயைத் திருகின் வெளிப்புறத்தில் மட்டும் விட்டு, திறக்கும்முன் துடைத்துவிட்டால் கவலை இல்லை. திறந்தபின் எண்ணெய் வெளியே வருகிறதே தவிர உள்ளே போவதில்லை.

டாட் 5 சிலிக்கான் திரவம். மற்ற மூன்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது கிளைக்கால் வகை, அது வேறு. பெயர் வைத்தவர்கள் இந்தக் குழப்பத்தைத் தவிர்த்திருக்கலாம். மைவிக்கு டப்பா மூடியில் அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். அடிக்கடி மலை ஏறுவீர்கள் என்றால் டாட் 3க்குப் பதில் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் டாட் 4 ஊற்றியதால் மாற்றும் காலத்தை நீட்டக் கூடாது.

கெப்போங் சாகா
ஞாயிறு, பிற்பகல் 2:50

தெரியாமல் எழுதிவிட்டேன், நன்றி. என் டப்பாவில் என்ன இருக்கிறது என்று இப்போதே பார்க்கப் போகிறேன்.

பழைய பொமேன்
ஞாயிறு, மாலை 4:05

தம்பி, கோப்பி ஓ வந்தது நல்லதுதான், இனி சந்தேகம் இல்லை. டப்பாவில் இருப்பது மொத்தத்தில் சிறு பங்கு. கொதிப்பது காலிப்பரில். அங்கே இருப்பது எத்தனை ஆண்டுப் பழையதோ, யாருக்குத் தெரியும். நான் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டபோது என் முதலாளி சொல்லித் தந்தது ஒன்றுதான்: 'எண்ணெய் மாற்றினாயா என்று உன்னைக் கேட்க மாட்டேன், பிளீடரைப் பார்த்துக்கொள்வேன்'. திறந்து மூடிய திருகின் முனையில் ஸ்பேனர் தடம் பளபளக்கும்.

இனி அந்தப் பின் சக்கரம். முதலில் பிளீடர் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், புரிந்தால் கை அவசரப்படாது. திருகின் நுனி கூம்புபோல் இருக்கும். அந்தக் கூம்பு உள்ளே உள்ள குழியில் உட்கார்ந்துதான் எண்ணெயை அடைக்கிறது. மரை அடைப்பதில்லை. நடுவில் நீளத் துளை, நுனிக்கு மேலே குறுக்குத் துளை. அதனால் திருகு உள்ளீடற்ற குழல், பலம் குறைவு. இதை மூடும்போது சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். சிறு ஸ்பேனரை மணிக்கட்டால் ஒரு சுண்டு. பலரும் சக்கர நட்டை இறுக்குவதுபோல் இறுக்கி, அடுத்த முறை முறித்துவிடுகிறார்கள்.

மூடி இல்லாவிட்டால் மழைநீர் அந்த நடுத்துளையிலும் மரையைச் சுற்றியும் தேங்கும். பின் டிரம் பிரேக்கில் பிளீடர் பின்தகட்டின் உட்பக்கம் இருப்பதால் டயர் அடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக அங்கே போகும். முன்னால் திறந்ததும் பின்னால் சிக்கியதும் அதனால்தான். ஐம்பது காசு ரப்பர் மூடி, தம்பி. அதைத் தொலைத்தவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

திறக்கும் முறை. திறந்த வாய் ஸ்பேனர் வேண்டாம், பன்னிரண்டு முனை உள்ளதும் வேண்டாம். ஆறு முனை சாக்கெட், சரியான அளவு. துரு முனையைத் தின்றிருந்தால் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி உட்காரவையுங்கள். நடுத்துளைக்குள் கச்சிதமாக நுழையும் துளைக்கூர் (டிரில் பிட்) ஒன்றைச் செருகிவிட்டால் குழல் நசுங்காது. இனி திறக்கும் பக்கம் திருப்பாதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் துரு உடைந்திருக்கிறது. பிறகு திறக்கும் பக்கம் கொஞ்சம், மறுபடி இறுக்கும் பக்கம் கொஞ்சம். இடையிடையே எண்ணெய் விட்டு, திருகின் அடியைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கைக்கு நெகிழ்வதுபோல் தெரியும்போது இரண்டு வகை உண்டு. திருகு நகர்கிறது என்றால் ஒரே சீராகக் கனக்கும். முறியப் போகிறது என்றால் ரப்பரைத் திருகுவதுபோல் இருக்கும். அப்படி இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

காலிப்பராக இருந்தால் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் சூடேற்றலாம். தீ வேண்டாம், பக்கத்தில் ரப்பர் குழாய் இருக்கிறது, பிரேக் எண்ணெய் எரியும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடு காட்டவே காட்டாதீர்கள். சில கிளீனரில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், அது சூட்டில் நச்சு வாயுவாகும். உங்களுடையது டிரம்முக்குள் பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டர், அதற்கு இந்தச் சூடெல்லாம் தேவையே இல்லை. முறிந்தால் சிலிண்டரையே மாற்றிவிடுவோம், விலை அதிகமில்லை.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். வண்டிக்கு அடியில் தாங்கி ஒன்று வையுங்கள்.

தீவுக்காரி
ஞாயிறு, இரவு 8:47

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பாலிக் புலாவில் வீடு, வேலை ஆயர் ஈத்தாமில். நாள்தோறும் துன் சார்டோன் சாலையில் ஏறி இறங்குபவள் என்பதால் இந்த இழையை முழுவதும் படித்தேன்.

தம்பி, எண்ணெய் மாற்றிய பிறகும் மிதி மென்மையாகவே இருந்தால் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு என் கதை உதவும். என்னுடையது பழைய வீரா கார். முன் காலிப்பர் இரண்டிலும் கசிவு என்று ஒரு பட்டறையில் கழற்றி ரப்பர் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மிதி பஞ்சு. திரும்பக் கொண்டுபோனேன், எண்ணெயில் சிக்கிய காற்றை பிளீடர் வழியாக எடுத்தார்கள். மறுபடி பஞ்சு. மூன்று முறை போனேன். மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். அந்தப் பணம் அப்போது என் கையில் இல்லை.

என் தம்பி மகன் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததுமே, 'அத்தை, பிளீடர் ஏன் கீழே பார்க்கிறது?' என்று கேட்டான். வலது காலிப்பரை இடதுபக்கமும் இடதை வலதுபக்கமும் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே போகும், திறக்கும் வாய் அடியில் இருக்கிறது. எத்தனை முறை திறந்தாலும் எண்ணெய்தான் வரும், காற்று மேலே அப்படியே உட்கார்ந்திருக்கும். பக்கம் மாற்றி மாட்டினோம். ஒரே முறை காற்று எடுத்ததும் மிதி கெட்டியாகிவிட்டது.

மாதக்கணக்கில் அந்த வண்டியில் மகளைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு அதே மலையில் இறங்கியிருக்கிறேன். காலிப்பரைக் கழற்றி மாட்டிய வண்டி எதுவானாலும், பிளீடர் மேலே இருக்கிறதா என்று குனிந்து ஒரு பார்வை பாருங்கள். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

பழைய பொமேன்
ஞாயிறு, இரவு 9:15

தங்கை எழுதியதை ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்டிவைக்கலாம். உங்கள் தம்பி மகனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

செந்தூல் மைவி
திங்கள், இரவு 9:26

வேலை முடிந்து வந்து முயன்றேன். எண்ணெய் விட்டு, ஆறு முனை சாக்கெட் போட்டு, இறுக்கும் பக்கம், திறக்கும் பக்கம் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் செய்தேன். ஐயா சொன்னதுபோல் ரப்பரைத் திருகுவதுபோல் உணர்ந்தேன், நிறுத்தினேன், மறுபடி எண்ணெய் விட்டேன். கடைசியில் முறிந்துவிட்டது. பாதி உள்ளே. பின் வலதுபக்கம் மட்டும் நல்லபடியாகத் திறந்துகொண்டது.

டிரம்மைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஈரம். கசியத் தொடங்கியிருக்கிறது.

பழைய பொமேன்
திங்கள், இரவு 10:02

முறிந்ததே நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் அந்தக் கசிவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பின் சிலிண்டர் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஒரே வயது, ஒரே தண்ணீர் குடித்தவை. பிரேக் லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் அதையும் இரு பக்கமும் மாற்ற வேண்டும், கழுவித் துடைத்துப் போடக் கூடாது. டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

சிலிண்டரில் வந்து சேரும் இரும்புக் குழாயின் நட்டும் துருப்பிடித்திருக்கும். அதற்கு பிளேர் நட் ஸ்பேனர் என்று தனியாக உண்டு, அதை வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நட்டோடு சேர்ந்து குழாய் முறுக்கிக்கொண்டால் குழாயும் போய்விடும். கழற்றியதும் குழாய் வாயை மூடிவையுங்கள், டப்பா வற்றிவிடக் கூடாது. உங்களுடையதில் ஏபிஎஸ் இல்லை, இருந்திருந்தால் அதன் உள்ளே காற்று போனபின் கணினியை மாட்டித்தான் எடுக்க முடியும்.

புது பிளீடரைப் போடும்முன் மரையின் மேல் பாதியில் மட்டும் ரப்பருக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். கூம்பிலும் குறுக்குத் துளையிலும் படக் கூடாது. முன்னாலுள்ள பிளீடர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்து, இதையே செய்துவிடுங்கள். அடுத்த முறை இரண்டு விரலில் திறக்கும்.

காற்று எடுக்கும் வரிசை: கையேடு வேறுமாதிரி சொல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தொலைவில் உள்ள சக்கரம் முதலில். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலதுபக்கம், அதனால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. தெளிந்த பிளாஸ்டிக் குழாயை பிளீடரில் மாட்டி, முதலில் ஒரு சாண் மேல்நோக்கி வளைத்துவிட்டுப் பிறகு குப்பிக்குள் இறக்குங்கள். குப்பியில் கொஞ்சம் புது எண்ணெய் விட்டு, குழாய் முனை அதில் மூழ்கியிருக்கட்டும். குமிழி வந்தால் கண்ணுக்குத் தெரியும், திரும்ப உள்ளே போகாது.

உள்ளே ஒருவர் மிதியை மெல்ல மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் திறக்க வேண்டும். மிதி இறங்கி முடிவதற்குள் மூட வேண்டும். நீங்கள் 'விடு' என்று சொல்லாமல் உள்ளே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. இது ஒன்று பிசகினால் காற்று உள்ளே போகும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத ஆழத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும், மிதியைத் தரைவரை அழுத்தினால் ரப்பர் அதன்மேல் உரசிக் கிழியும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள்.

எண்ணெய் பெயின்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பெயின்டைத் தின்றுவிடும்.

செந்தூல் மைவி
புதன், இரவு 10:40

முடித்துவிட்டேன். நேற்று பொருள்கள் வாங்கினேன்: இரண்டு வீல் சிலிண்டர், லைனிங் ஒரு ஜோடி, நான்கு பிளீடர் மூடி, பிளேர் நட் ஸ்பேனர், அரை லிட்டர் டாட் 3 இரண்டு குப்பி. இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு காலை எட்டுக்குத் தொடங்கினேன். தங்கை மிதியில் உட்கார்ந்தாள். 'மிதி', 'பிடி', 'விடு' என்று மூன்றே சொல். நான் 'விடு' என்று சொல்லும்வரை ஒருமுறைகூட அவள் காலை எடுக்கவில்லை.

பின் இடதில் முதலில் கறுப்பு, பிறகு தேன் நிறம், பிறகு புதியது. நான்கு சக்கரமும் தெளிய முக்கால் லிட்டர் ஆனது. கடைசியில் மிதியில் பஞ்சுத்தனம் போய்விட்டது, ஆனால் மிதி பாதி தூரம் இறங்கிய பிறகே பிடித்தது. காற்று இன்னும் இருக்கிறதோ என்று பயந்தேன். இரண்டு முறை விட்டு மிதித்தால் உயர்ந்து கெட்டியாக நிற்கிறது. கிள்ளான் அண்ணனைத் தனிச்செய்தியில் கேட்டேன். அப்படியானால் காற்று இல்லை, புது லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்றார். சரிப்படுத்தும் பல்சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, டிரம் லேசாக உரசும்வரை கொண்டுவந்தேன். இப்போது மிதி மேலேயே பிடிக்கிறது.

மீந்த எண்ணெயை வைத்துக்கொள்ளவில்லை, திறந்த குப்பி ஈரம் குடிக்கும் என்பதால். பழையதையும் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறை ஒன்றில் கொடுத்துவிட்டேன். எங்கள் குடியிருப்பின் கால்வாய் நேராக ஆற்றில்தான் போய் விழுகிறது.

ரசீது எழுதிய பட்டறைக்கு இரண்டு குப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். சத்தம் போடவில்லை. மேசைமேல் வைத்தேன். 'இந்த விலைக்கு டப்பாவில் உள்ளதைத்தான் மாற்றுவோம்' என்றார்கள். அப்படியானால் ரசீதிலும் அப்படியே எழுதுங்கள், மக்கள் அதை நம்பி மலை ஏறுகிறார்கள் என்றேன். மேலாளர் கொஞ்ச நேரம் குப்பியைப் பார்த்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இனி எப்படி எழுதுவார்கள் என்று தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து நண்பர் ஒருவரின் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

கிள்ளான் லாரி
புதன், இரவு 11:05

நாளை முதலில் சமதளத்தில், கூட்டம் இல்லாத இடத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றி எங்கேயாவது ஈரம் தெரிகிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். மலைக்கு ஒரு வாரம் கழித்துப் போகலாம்.

கெப்போங் சாகா
வியாழன், காலை 8:12

என் சாகா காரையும் பார்த்தேன். நான்கில் மூன்று பிளீடருக்கு மூடி இல்லை. நீங்கள் மூடியை எங்கே வாங்கினீர்கள்? பக்கத்துக் கடையில் பிளீடரோடு சேர்த்துத்தான் தருவேன் என்கிறார்கள்.

செந்தூல் மைவி
வியாழன், காலை 8:30

செகாம்புட்டில் ஓர் உதிரிபாகக் கடையில் தனியாகவே கொடுத்தார்கள். பிளீடர் தலையின் அளவைச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு அளவு உண்டு. நான் நான்கு அதிகமாக வாங்கி டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். செந்தூல் பக்கம் வந்தால் மூன்றை வாங்கிக்கொண்டு போங்கள்.